நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா, தேங்காய் எண்ணெயா? டெல்டா அடுப்படிக்கு ஒரு சுவைக் கணக்கு

செக்கு எண்ணெய்க்கு மாறுவது என்று முடிவெடுத்த வீடுகளில் அடுத்து எழும் கேள்வி, எந்த எண்ணெயை முதன்மையாக வைத்துக்கொள்வது என்பதாகும். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கங்களிலிருந்து இதைக் கேட்கும் வாசகர்களில் பெரும்பாலோர் கொழுப்பைப் பற்றியே கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்லும் கட்டுரைகள் ஏராளமாக இருப்பதால் இங்கே அதற்குள் போகவில்லை. செக்கு எண்ணெய்க்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் கண்ணுக்கும் மூக்குக்கும் நாக்குக்கும் உடனே தெரியும்படி கிடைப்பது அதன் மணமும் சுவையும்தான். ஆகவே எந்தச் சமையலில் அந்த மணம் தட்டு வரை வந்து சேர்கிறது, எதில் அது வாணலியிலேயே ஆவியாகிவிடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான வழி என்பது என் கருத்து. ஒரே எண்ணெயை எல்லாவற்றுக்கும் ஊற்றுகிற வீட்டில், அது எவ்வளவு நல்ல எண்ணெயாக இருந்தாலும், பாதிப் பணம் புகையாகப் போகிறது.

எதை வைத்து மதிப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது பச்சை எண்ணெயின் மணம். அடுத்தது நாவில் அது எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது என்பது. நல்ல விதை எண்ணெய் எதுவுமே ஒரே சுவையோடு நின்றுவிடுவதில்லை. மூன்றாவது, வாயில் அதன் பிடிப்பு: விழுங்கிய பிறகு மேலண்ணத்தில் பிசுக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறதா, சுத்தமாக விலகிவிடுகிறதா? நான்காவது, சூடு ஏறும்போது மணம் கூடுகிறதா, குறைகிறதா, வேறொன்றாக மாறுகிறதா? ஐந்தாவதாக, கெடும்போது அது எப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் கெட்ட எண்ணெயின் காறலையே செக்கு எண்ணெயின் இயல்பான மணம் என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு.

சோதிக்கும் முறை எளிது. ஆலிவ் எண்ணெயைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் பன்னாட்டு முறையில், நிறத்தைப் பார்த்து மனம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக நீலக் கண்ணாடிக் குவளையில் எண்ணெயை ஊற்றி, மணம் எழுவதற்காக அதை ஏறத்தாழ 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்துத் தருகிறார்கள். டெல்டாவில் ஆண்டின் பெரும்பகுதியில் அடுப்படி அலமாரியே அந்தச் சூட்டில் இருப்பதால் நமக்குத் தனி ஏற்பாடு வேண்டாம். ஒரு சிறிய எவர்சில்வர் டம்ளரில் ஒரு ஸ்பூன் எண்ணெயை ஊற்றி, உள்ளங்கையால் மூடிச் சற்றுப் பொறுத்து முகர வேண்டும். பின்பு சில சொட்டுகளை நாக்கில் பரவவிட்டு, வாயைச் சிறிது திறந்து காற்றை உள்ளிழுக்க வேண்டும். அதன்பின் சூடான வெறும் சோற்றில் அதே எண்ணெயும் உப்பும் மட்டும் சேர்த்துப் பிசைந்து ஒரு கவளம் சாப்பிட்டால், எண்ணெய் எதையும் மறைக்க முடியாது. புழுங்கலரிசிச் சோற்றுக்குத் தனி மணம் உண்டு என்பதால் இதற்குப் பச்சரிசிச் சோறே ஏற்றது.

நல்லெண்ணெய்

மூன்றிலும் அதிகச் சுவை அடுக்குகள் கொண்டது இதுதான். முகர்ந்தவுடன் காய்ந்த எள்ளின் மண் கலந்த மணம் வரும். அதன் பின்னால் கருப்பட்டியின் சன்னமான வாசனை. நாவில் இனிப்பு போலத் தொடங்கி, நடுவில் பருப்புச் சுவையாக விரிந்து, அடிநாக்கில் மெல்லிய கசப்போடு முடிகிறது. இந்தக் கசப்பைக் குறை என்று எண்ண வேண்டாம். எள்ளுக்கே உரிய சில பொருள்கள் கசப்பானவை, அவை நல்லெண்ணெயின் இயல்பைச் சேர்ந்தவை. கசப்பு கடைசியில் வந்து விரைவில் மறைந்தால் எண்ணெய் நன்றாக இருக்கிறது. முதல் சொட்டிலேயே கசந்தால் எள் மழையில் நனைந்திருக்கலாம், அல்லது பழைய எள்ளாக இருக்கலாம்.

கருப்பட்டி இங்கே செய்யும் வேலையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். செக்கில் எள் நைந்து மாவாகும்போது அதில் கருப்பட்டியும் சிறிது நீரும் சேர்ப்பது வழக்கம். ஈரம் பட்டு மாவு ஒன்றாகத் திரண்டு புண்ணாக்காக இறுகும்போது எண்ணெய் பிரிந்து வெளியே வருகிறது. சர்க்கரை எண்ணெயில் கரையாது என்பதால் கருப்பட்டியின் இனிப்பில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் செக்கடியில் எள்ளுப் புண்ணாக்குக்குக் கையேந்தி நின்றதற்குக் காரணமும் அதுவே. எண்ணெயோடு வருவது கருப்பட்டியின் மணப்பொருள்கள்தான். மூக்கு இனிப்பு என்று சொல்வதை நாக்கும் நம்பிவிடுகிறது. சில இடங்களில் கருப்பட்டிக்குப் பதிலாக வெல்லமோ சர்க்கரைப் பாகோ சேர்க்கிறார்கள். அந்த எண்ணெயில் நிறம் வரும், ஆனால் பனையின் அந்தப் புகைந்த பின்மணம் வராது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து முகர்ந்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

கறுப்பெள், செவ்வெள், வெள்ளெள் ஆகியவற்றின் எண்ணெய்களும் ஒன்றல்ல. கறுப்பும் சிவப்பும் மணத்தில் அழுத்தமானவை; வெள்ளெள் எண்ணெய் சாதுவானது, கசப்பும் குறைவு. சீன, கொரியச் சமையலில் பயன்படும் எள்ளெண்ணெயைச் சுவைத்துப் பழகியவர்கள் நம் நல்லெண்ணெயில் அந்தக் கடும் வறுத்த மணத்தைத் தேடி ஏமாறுகிறார்கள். அங்கே எள்ளை நன்றாக வறுத்துப் பிழிகிறார்கள். இங்கே வெயிலில் காயவைத்து அப்படியே ஆட்டுகிறோம். அதனால்தான் அங்கே அது இறக்கும்போது சில சொட்டு விடும் வாசனைப் பொருளாகவும், இங்கே கரண்டிக் கணக்கில் ஊற்றும் சமையல் எண்ணெயாகவும் இருக்கிறது.

சூட்டைப் பொறுத்தவரை நல்லெண்ணெய் மிதமான தீக்கு உரியது. வத்தக்குழம்பிலும் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பிலும் புளி கொதித்துச் சுண்டி எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்போது, அதன் கசப்பு புளிப்போடு சேர்ந்து தனியொரு சுவையாகிவிடுகிறது. வேறெந்த எண்ணெயை ஊற்றினாலும் அந்தக் குழம்பில் ஓர் இடம் காலியாகவே இருக்கும். நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளின் மீன் குழம்புக்கும் இதே காரணம் பொருந்தும். ஆனால் மிளகாய்ப் பொடி குழைப்பது, புளியோதரையைக் கிளறி முடித்தபின் மேலே விடுவது, தோசையின் ஓரத்தில் சுற்றி விடுவது ஆகியவைதாம் நல்லெண்ணெய்க்குக் கொடுத்த காசு முழுவதும் திரும்பக் கிடைக்கும் இடங்கள். ஆழ்ந்து பொரிப்பதற்கு இதைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. நெடி வீடெங்கும் பரவுகிறது, பட்சணத்தில் எள்மணம் மேலோங்கிவிடுகிறது.

கெடுவதில் இது பொறுமையானது. எள்ளில் உள்ள செசாமின், செசாமோலின் போன்ற பொருள்களும், செசாமோலின் சூட்டில் சிதைந்து உண்டாகும் செசாமோலும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதைத் தாமதப்படுத்துகின்றன. ஊறுகாய்க்கு நம் முன்னோர் இதையே தேர்ந்தெடுத்ததற்குச் சுவையோடு இந்தக் குணமும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

கடலை எண்ணெய்

நல்லெண்ணெய்க்கு நேர்மாறான இயல்புடையது. பச்சையாக முகர்ந்தால், தோல் நீக்கிய பச்சை வேர்க்கடலையை மென்றால் வருமே, அந்தப் பச்சை வாடைதான் முன்னால் வருகிறது. பலருக்கு அது பிடிப்பதில்லை. இதைக் கடையில் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் அவசரப்படுகிறார்கள். வாணலியில் சூடேறியவுடன் பச்சை வாடை விலகி, வறுத்த கடலையின் மணமும் இனிப்பும் எழுகின்றன. சூட்டில் மணம் கூடுகிற எண்ணெய், நம் மூன்றில் இது ஒன்றே. நாவில் கசப்பு இல்லை, முடிவு குறுகியது, வாயில் பிசுக்குக் குறைவு. அதனால் பொரியல், கூட்டு, தாளிப்பு எதிலும் காய்கறியின் சுவையை மீறாமல் பின்னால் நிற்கிறது.

பொரிப்பதற்கு இதுவே ஏற்றது என்றாலும் ஓர் எச்சரிக்கை தேவை. சுத்திகரித்த கடலை எண்ணெய் ஏறத்தாழ 230 டிகிரி வரை புகையாமல் தாங்கும்; சுத்திகரிக்காத செக்கு எண்ணெயோ 160 டிகிரி வாக்கிலேயே புகையத் தொடங்கக்கூடும். முறுக்கும் வடையும் 170, 180 டிகிரி அளவில் பொரிபவை என்பதால் இடைவெளி இல்லை என்றே சொல்லலாம். எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய கடலைத் துகள்களும், பாஸ்போலிப்பிடுகள் என்னும் பசை போன்ற கொழுப்புப் பொருள்களும் சூட்டில் நுரைத்துக் கறுக்கின்றன. நன்றாகத் தெளிந்த எண்ணெயை மட்டும் மேலாக இறுத்துப் பொரிப்பதும், காயும் எண்ணெயில் ஒரு சிறு உருண்டைப் புளியைப் போட்டு எடுத்து நுரையை அடக்குவதும் இங்குள்ள சமையற்காரர்கள் அறிந்த உபாயங்கள். ஒருமுறை பொரித்த செக்கு எண்ணெயில் மறுபடியும் பட்சணம் செய்தால் முந்தையதன் கருகல் சுவை அப்படியே ஏறும். மிச்சத்தை அடுத்த சில நாட்களில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவது நல்லது.

மூக்கால் கண்டுபிடிக்க முடியாத ஒரு குறையும் கடலைக்கு உண்டு. ஈரத்தில் பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உண்டாகலாம். எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலையில் காரக் கரைசல் (அல்கலி) சேர்க்கும் கட்டத்தில் அது பெருமளவு நீங்கிவிடுகிறது; செக்கில் அப்படியொரு கட்டம் இல்லை. பூஞ்சணம் பிடித்த வாடை தெரிந்தால் ஒதுக்கிவிடலாம், ஆனால் வாடை இல்லாததாலேயே நச்சு இல்லை என்று ஆகிவிடாது. ஆகவே கடலை எண்ணெயை மட்டுமாவது, சுருங்கியதும் கறுத்ததும் உடைந்ததும் பொறுக்கி எடுத்த பருப்பைக் கொடுத்து நம் கண்முன் ஆட்டி வாங்குவது பாதுகாப்பானது. வீட்டில் அதற்கு ஆள் இல்லையென்றால், சோதனைச் சான்றோடு விற்கும் தயாரிப்பாளரிடம் வாங்கலாம்.

தேங்காய் எண்ணெய்

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தார் இதை ஒப்பீட்டில் சேர்த்ததற்கே சிரிக்கக்கூடும். அங்கே தோப்புக்குள் இருப்பவர்களுக்குத் தேர்வு எப்போதோ முடிந்துவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்வதானால், இதன் மணம் லாக்டோன் எனப்படும் மணப்பொருள்களால் வருவது: இனிப்பானது, பால் சாயல் கொண்டது, ஒரே சுருதியில் நிற்பது. நல்லெண்ணெயைப் போல அடுக்கடுக்காக மாறுவதில்லை. வாயில் மற்ற இரண்டையும்விட விரைவாக விலகிவிடுகிறது. 24 டிகிரிக்குக் கீழே உறைவது என்பதால் மார்கழி விடியற்காலையில் டெல்டாவிலும் பாட்டிலில் வெண்மையாகக் கட்டிக்கொள்ளும். அந்த நிலையில் ஒரு துளியை நாக்கில் வைத்தால் உருகும்போது சிறு குளிர்ச்சியும் தோன்றும்.

அவியல், மோர்க்குழம்பு, தேங்காய் அரைத்த கூட்டு ஆகியவற்றில் இறக்கியபின் ஒரு கரண்டி பச்சையாக விடுவதற்கு இதற்கு ஈடு இல்லை. புளிக்குழம்பில் மட்டும் இது ஒட்டாமல் தனித்து நிற்கிறது. தஞ்சாவூர்ச் சாப்பாட்டில் புளிக்கு இருக்கும் இடத்தை நினைத்தால் இதை ஒரே எண்ணெயாக வைத்துக்கொள்வது கடினம்.

கொப்பரைதான் இதன் தலையெழுத்தை எழுதுகிறது. மாசி முதல் ஆனி வரை வெயிலில் காய்ந்த கொப்பரையின் எண்ணெய் தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொப்பரை சரியாகக் காயாது. புகை மூட்டி உலர்த்தியதானால் எண்ணெயில் புகைவாடையும், பூஞ்சை வராமலிருக்கக் கந்தகப் புகை காட்டியதானால் மூக்கை உறுத்தும் நெடியும் தங்கிவிடும். ஈரம் மிச்சமிருந்தால் எண்ணெய் பிளவுபட்டு, அதன் முதன்மைக் கொழுப்பு அமிலமான லாரிக் அமிலம் தனியே பிரியும். அப்போது வரும் வாடை சோப்பு வாடை.

மற்றவை

சூரியகாந்தி எண்ணெயைச் செக்கில் ஆட்டித் தருகிறார்கள். சுவையில் சாதுவானது, லினோலிக் அமிலம் மிகுதி என்பதால் விரைவில் காறிவிடும், டெல்டாவின் வெக்கையில் இன்னும் விரைவாக. விளக்கெண்ணெய்க்கு வடுமாங்காயிலும், பருப்பு வேகும்போது விடும் ஒரு சொட்டிலும் இடம் உண்டு, அதற்கு மேல் இல்லை. இலுப்பை எண்ணெய் இன்று விளக்குக்கு உரியது. தவிட்டெண்ணெயைப் பற்றித்தான் அடிக்கடி கேட்கிறார்கள், நெல் விளையும் ஊரில் அதைச் செக்கில் ஆட்டினால் என்ன என்று. தவிட்டில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம்தான். அதோடு அரிசி தீட்டிய உடனேயே தவிட்டில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. எனவே அது கரைப்பான் (எண்ணெயைக் கரைத்தெடுக்கும் திரவம்) கொண்டு எடுத்துச் சுத்திகரிக்கும் ஆலைக்குரிய பொருள், செக்குக்குரியதன்று.

மரச்செக்கா, ரோட்டரியா

வாகை மரச் செக்கில் ஆட்டியது என்று எழுதியிருந்தாலே வாங்கிவிடுகிற வழக்கம் வந்திருக்கிறது. மரச்செக்கு மெதுவாகச் சுற்றுவதால் சூடு குறைவு, மணம் மிஞ்சுகிறது என்பது உண்மை. விதையைத் திருகால் நெருக்கிப் பிழியும், வேகமாக ஓடும் எக்ஸ்பெல்லர் இயந்திரத்தில் சூடு மிகுந்து எண்ணெயின் மணம் வறுபட்டதாக மாறுகிறது என்பதும் உண்மை. ஆனால் இரும்பு உரலில் உலக்கை சுற்றும் ரோட்டரிக்கும் மரச்செக்குக்கும் இடையே உள்ள சுவை வேறுபாடு, புதிய எள்ளுக்கும் ஓராண்டு மூட்டையில் கிடந்த எள்ளுக்கும் இடையே உள்ளதைவிடச் சிறியது. மரத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலையை விதைக்குக் கொடுக்கலாம் என்பதே என் பரிந்துரை. ஒரு ஆட்டு முடிந்து அடுத்த ஆட்டு தொடங்கும் முன் உரலைத் துடைக்கிறார்களா என்பதை மட்டும் எந்தச் செக்கிலும் பார்க்க வேண்டும், ஏனெனில் முந்தைய ஆளின் பழைய கடலை நம் எள்ளோடு கலப்பது அங்கேதான்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நல்லெண்ணெய் | கடலை எண்ணெய் | தேங்காய் எண்ணெய் |
|---|---|---|---|
| பச்சை மணம் | எள், மண், கருப்பட்டி | பச்சைக் கடலை | இனிப்பு, பால் சாயல் |
| நாவில் முடிவு | மெல்லிய கசப்பு, நீளமானது | கசப்பில்லை, குறுகியது | இனிப்பு, விரைவில் விலகும் |
| சூட்டில் | மிதமான தீயில் நிலைக்கும் | மணம் கூடும், நுரைக்கும் | மணம் படிப்படியாகக் குறையும் |
| கெட்டால் | தாமதமாகக் காறும் | சிக்கு வாடை, காறல் | சோப்பு வாடை |
| ஆட்ட ஏற்ற காலம் | வைகாசி முதல் ஆடி வரை | சித்திரை முதல் ஆனி வரை | மாசி முதல் ஆனி வரை |
| 1 லிட்டருக்கு வேண்டிய விதை | சுமார் 2.5 கிலோ | சுமார் 2.5 கிலோ பருப்பு | சுமார் 2 கிலோ கொப்பரை |

கால வரிசைக்குக் காரணம் பயிர்ப் பட்டம். சம்பா, தாளடி அறுவடை முடிந்த வயலில் மாசிப் பட்டத்தில் விதைக்கும் எள் 80, 90 நாட்களில் முற்றி வைகாசி வாக்கில் களத்துக்கு வருகிறது. மார்கழிப் பட்டத்து இறவைக் கடலை சித்திரையில் பிடுங்கப்படுகிறது. இரண்டும் கோடை வெயிலில் காய்ந்து வருபவை. கோடைமழையில் நனைந்த எள்கட்டு என்றால் விலை குறைவாக இருக்கும். அதை விளக்குக்கு ஆட்டிக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகள்

ஒரு லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம்தான். ஒரு கடை லிட்டரிலும் மற்றொரு கடை கிலோவிலும் விலை சொன்னால், கிலோக்காரர் ஏறத்தாழ பத்து சதவீதத்துக்கு மேல் அதிக விலை சொன்னாலொழிய அவருடைய எண்ணெய் விலை கூடுதல் ஆகாது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

புண்ணாக்கு யாருக்கு என்பது அடுத்த கணக்கு. சொந்த விதையைக் கொடுத்து ஆட்டும்போது புண்ணாக்கைச் செக்குக்காரரிடம் விட்டுவிட்டால் கூலி குறையும் அல்லது இல்லாமலே போகும். மாடு இருக்கும் வீட்டில் கூலியைக் கொடுத்துப் புண்ணாக்கைக் கொண்டுவருவதே லாபம். அடியில் படியும் மண்டியும் ஒரு சேதாரம். புதிதாக ஆட்டிய எண்ணெயை வாய்க்குத் துணி கட்டி ஒரு நாள் வெயிலில் வைத்து, பிறகு நிழலில் தெளியவிட்டு இறுத்துக்கொள்ள வேண்டும். நாட்கணக்கில் வெயிலிலேயே விட்டால் ஈரம் போவதோடு மணமும் போய்விடும். சேமிக்க எவர்சில்வர் தூக்கோ பீங்கான் ஜாடியோ போதும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் எண்ணெய் விரைவாகக் காறும்.

மலிவாகக் கிடைக்கும் பாட்டில்களில் தீபம் ஏற்றுவதற்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். எள் படம் பெரிதாக இருப்பதைப் பார்த்து அதைச் சமையலுக்கு எடுத்துவரக் கூடாது.

எந்த வீட்டுக்கு எது

புளிக்குழம்பும் இட்லிப் பொடியும் ஊறுகாயும் அன்றாடம் புழங்கும் வீட்டில் நல்லெண்ணெயை முதன்மையாகவும், பொரிக்கவும் தாளிக்கவும் கடலை எண்ணெயைத் துணையாகவும் வைத்துக்கொள்வது பொருந்தும். டெல்டாவின் பெரும்பாலான வீடுகள் இந்த வகையில்தான் அடங்கும். பிள்ளைகள் மிகுந்து பொரித்த பலகாரங்களும் பொரியலும் அதிகமாக ஆகும் வீட்டில் கடலை எண்ணெய் முன்னுக்கு வரட்டும், நல்லெண்ணெயில் அரை லிட்டர் மேலே விடுவதற்கு மட்டும் இருந்தால் போதும். தீபாவளிப் பட்சணத்துக்கு மொத்தமாகப் பொரிக்க வேண்டியிருந்தால், அதற்கு மட்டும் சுத்திகரித்த கடலை எண்ணெய் வாங்குவதில் தவறில்லை. அவ்வளவு நேரம் எரியும் தீயில் செக்கின் மணம் எப்படியும் நிலைக்காது.

எண்ணெயின் நெடியே ஆகாத முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு வெள்ளெள் நல்லெண்ணெயைப் பரிந்துரைப்பேன். தனியாகச் சமைத்துக்கொள்பவர்கள் மூன்றையும் வாங்கி அடுக்க வேண்டாம். நல்லெண்ணெய் ஒன்றே போதும், ஏனெனில் மெதுவாகச் செலவாகும் அலமாரியில் நெடுநாள் கெடாமல் நிற்பது அதுதான். தோப்பு உள்ளவர்கள் மழைக்கு முன் காய்ந்த கொப்பரையை ஆடிக்குள் ஆட்டி வைத்துக்கொண்டு, புளிக்காக மட்டும் நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம்.